தறி கிடைத்தது, அட்டைக்கு என்ன வழி?

கல்லூரிப் பாடங்களுக்குக் குறைந்த செலவில் மென்பொருள் பெறுவது பற்றிய கட்டுரை



கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே நம் அக்காள்மாருக்கு அறிமுகமாகும் சொல் ‘அசைன்மென்ட்’ என்பதாகும். முன்பெல்லாம் ஒரு குயர் வெள்ளைத் தாளும் ஒரு நல்ல பேனாவும் இருந்தால் அதை எழுதி முடித்துவிடலாம். இன்று நிலைமை வேறு. வணிகவியல் மாணவி கணக்கைக் கணினியில் பதிந்து காட்ட வேண்டும். பொறியியல் மாணவி வரைபடத்தைக் கணினியில் வரைய வேண்டும். வரலாறு படிப்பவர் கூடக் கட்டுரையைத் தட்டச்சுச் செய்து, அட்டவணை சேர்த்து, அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே கணினி வேண்டும். அந்தந்த வேலைக்கு உரிய மென்பொருளும் வேண்டும்.

செய்யாற்றங்கரையில் உள்ள மாகறலிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் வந்து படிக்கும் எங்களில் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் உழவர் வீட்டுப் பிள்ளைகள். இக்கட்டுரைக்காக எங்கள் தெருக்களில் கல்லூரி படிக்கும் அக்காள்மார் சிலரைக் கண்டு பேசினோம். ஒருவருடைய கணினியில் ஒரு கடைக்காரர் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கள்ளப்படி ஒன்றை ஏற்றிக் கொடுத்தாராம். அதோடு வந்த வைரஸ், ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முன்தினம் கோப்புகளை அழித்துவிட்டது. மற்றொருவர் தம் தோழியின் கணினி ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துத் தம் பாடத்தை முடிக்கிறார். மூன்றாமவர் வீட்டில், “கல்லூரிக் கட்டணம் போதாதென்று மென்பொருளுக்கு வேறு பணம் கட்ட வேண்டுமாம்” என்று யாரோ சொல்லக் கேட்டு, அவர் விரும்பிய கணினிப் பாடத்தையே விட்டுவிட்டு வேறு பாடத்தில் சேர்த்துவிட்டார்கள். இந்த மூன்றாவது செய்திதான் எங்களை எழுதத் தூண்டியது. ஏனெனில் அந்தச் செலவில் பெரும்பகுதி வேண்டாத செலவு. அது எப்படி என்பதை விளக்குவதே எங்கள் நோக்கம்.

தறியும் அட்டையும்

மென்பொருள் என்றால் என்ன என்று எங்கள் பாட்டிமார் கேட்டால் தறியைக் காட்டித்தான் விளக்குவோம். தறி மரத்தாலும் இரும்பாலும் ஆனது; கையால் தொடலாம். பாவும் ஊடையும் போட்டு நாடாவை ஓட்டினால் வெறும் துணி கிடைக்கும். முந்தானையில் மாங்காய் வர வேண்டும், கரையில் மயில் வர வேண்டும் என்றால், மேலே இருக்கும் ஜக்கார்டில் துளையிட்ட அட்டைகளைக் கோத்து மாட்ட வேண்டும். எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும், எது தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை அந்தத் துளைகளே சொல்கின்றன. அட்டையை மாற்றினால் அதே தறி வேறு பூ நெய்யும்.

கணினி தறியைப் போன்றது. மென்பொருள் அட்டையைப் போன்றது. இது வெறும் உவமை அன்று, வரலாறும் கூட. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் இந்த அட்டைப் பொறியை அமைத்தார். அதைக் கண்ட ஆங்கிலேயர் சார்லஸ் பாபேஜ், 1830களில் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கும் துளை அட்டைகளையே பயன்படுத்த எண்ணினார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். ஆகவே கணினி நமக்கு அந்நியமான பொருள் அன்று. அதன் மூதாதை நம் வீட்டுத் தறியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அட்டை அடிப்பதற்கு முன் பூவைக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக வரைகிறார்கள். அட்டை மட்டும் கையில் இருந்தால் அந்தப் பூவை நெய்யலாம்; ஆனால் மயிலின் கழுத்தைச் சற்றே நீட்ட வேண்டுமென்றால் கட்டத்தாள் வேண்டும். மென்பொருளிலும் இப்படியே. நிரலாளர் எழுதிய மூலநிரல் கட்டத்தாள். கணினியில் ஓடும் வடிவம் அட்டை. பெரும்பாலான விலை மென்பொருள்களில் நமக்கு அட்டை மட்டுமே கிடைக்கும். கட்டத்தாளை நிறுவனம் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளும்.

விலையில்லாததும் கட்டற்றதும்

கட்டத்தாளையும் சேர்த்துக் கொடுத்துவிடும் மென்பொருள்களும் உண்டு. அவற்றுக்குத் தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று பெயர். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையில்லாததையும் சுதந்திரமானதையும் குறிப்பதால் அங்கே குழப்பம் வருகிறது. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு.

இந்த இயக்கத்தைத் தொடங்கியவர் ரிச்சர்டு ஸ்டால்மன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் பணியாற்றியபோது, தாள் சிக்கிக்கொண்டால் எல்லோருக்கும் செய்தி போகும்படி பழைய அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதிய அச்சுப்பொறி வந்தது. அதன் மூலநிரலைக் கேட்டபோது கிடைக்கவில்லை. பழுது தெரிந்தும் திருத்த முடியாத நிலை அவருக்கு உறுத்தியது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன நடக்கிறதென்று படித்துப் பார்த்துத் திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளும் இருந்தால்தான் அது கட்டற்ற மென்பொருள்.

மூன்றாவது உரிமை மாணவர்க்குப் பெரும் வரம். ஒருத்தி ஒரு முறை இறக்கிக்கொண்டால் போதும்; பென் டிரைவில் போட்டு வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம். அது களவு ஆகாது. கொடுப்பவருக்கும் குறைவில்லை, வாங்குபவருக்கும் கடனில்லை.

மாணவர் செய்த மென்பொருள்

“இலவசம் என்றால் தரம் இருக்காதே” என்று பெற்றோர் ஐயுறுவது இயல்பு. இம்மென்பொருள்கள் எப்படிப் பிறந்தன என்பதை அறிந்தால் அந்த ஐயம் தீரும்.

1991இல் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் உட்கருவை எழுதி வெளியிட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர். இன்று நம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அந்த உட்கருவின் மீதுதான் இயங்குகின்றன. படங்களைத் திருத்தும் ‘கிம்ப்’ மென்பொருளை 1995இல் தொடங்கியவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள். திரைப்படம் பார்க்க நாம் பயன்படுத்தும் ‘விஎல்சி’ பாரிசு நகரை அடுத்துள்ள கல்லூரி ஒன்றில் 1996இல் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. கணிதத்துக்கான ‘ஜியோஜீப்ரா’ 2001இல் ஆஸ்திரியா நாட்டு சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தம் முதுகலை ஆய்வுக்காகச் செய்தது.

எல்லாவற்றையும் விட எங்களை வியக்க வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த மார்கோ போரிஸ். அவர் 1985இல் தம் 16ஆம் வயதில் ஒரு நிறுவனம் தொடங்கிக் கட்டுரை எழுதும் மென்பொருள் ஒன்றைச் செய்தார். அது ‘ஸ்டார் ஆபீஸ்’ ஆகி, 2000ஆம் ஆண்டில் மூலநிரல் திறந்துவிடப்பட்டு ‘ஓப்பன் ஆபீஸ்’ ஆயிற்று. அதிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்ததே இன்றைய ‘லிப்ரே ஆபீஸ்’. பதினாறு வயது என்றால் எங்களை விட ஒரு வயது மூத்தவர்!

ஆகவே, கல்லூரி அசைன்மென்டுக்குத் தேவைப்படும் மென்பொருள்களில் சில, யாரோ ஒரு மாணவருடைய அசைன்மென்டாகவே பிறந்தவை. தேவையின் அருமை அறிந்தவர்கள் செய்தவை.

எந்தப் பாடத்துக்கு எது?

இனிப் பயனுள்ள பகுதிக்கு வருவோம்.

கட்டுரை, அட்டவணை, திரையில் காட்டும் படவுரை ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் போதும். எம்.எஸ். வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட் செய்யும் அன்றாட வேலைகளை இதன் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகிய பகுதிகள் செய்கின்றன. வேர்டு கோப்பை இதில் திறக்கலாம். இதில் எழுதியதை வேர்டு கோப்பாகவும் சேமிக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஒன்றில் செய்த கோப்பை மற்றொன்றில் திறந்தால் எழுத்துருவோ பக்க அமைப்போ சற்று இடம் பெயரக்கூடும். எனவே முடித்த கட்டுரையை பிடிஎஃப் ஆக மாற்றி ஒப்படைப்பது நல்லது. பிடிஎஃப் எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அதற்கான பொத்தான் லிப்ரே ஆபீஸிலேயே இருக்கிறது.

வணிகவியல் மாணவியருக்கு டேலி தெரிய வேண்டும் என்கிறார்கள். டேலியில் ‘கல்வி முறை’ என்று ஒன்று உண்டு. உரிமம் வாங்காமலே பழகலாம். ஆனால் மாதத்தின் 1ஆம் நாள், 2ஆம் நாள், கடைசி நாள் ஆகிய தேதிகளில் மட்டுமே கணக்குப் பதிய முடியும். கடை நடத்த இது உதவாது. பற்று வரவு, இருப்புநிலைக் குறிப்பு ஆகியவற்றைப் பழகுவதற்குத் தாராளமாகப் போதும். இரட்டைப் பதிவு முறையை எந்தத் தடையுமின்றிப் பயில விரும்புவோருக்கு ‘குனுகேஷ்’ என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது.

பொறியியல், பாலிடெக்னிக் மாணவியர் தட்டையான வரைபடத்துக்கு லிப்ரேகேட், முப்பரிமாண வரைபடத்துக்கு ஃப்ரீகேட் பயன்படுத்தலாம். மேட்லேப் கேட்கும் கணக்குகளுக்கு சைலேப், ஆக்டேவ் என இரண்டு உண்டு. இவற்றுள் ஆக்டேவ், அமெரிக்காவில் வேதிப் பொறியியல் மாணவர்களின் பாடநூல் ஒன்றுக்குத் துணையாகத் தொடங்கப்பட்டதாகும். புள்ளியியலுக்கு ‘ஆர்’ என்ற மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரு ஆசிரியர்கள் 1990களில் உருவாக்கியது. கணினி அறிவியலுக்கு வேண்டிய பைத்தான், சி மொழிக்கான ஜிசிசி ஆகியவையும் கட்டற்றவை. ஆக, மென்பொருள் செலவுக்கு அஞ்சிக் கைவிடப்பட்ட அந்தக் கணினிப் பாடத்தில்தான் விலையின்றிக் கிடைப்பவை மிகுதி என்பதைப் பெற்றோர்கள் கருணையோடு கவனிக்க வேண்டுகிறோம்.

ஓவியமும் வடிவமைப்பும் படிப்போர்க்குப் படம் திருத்த கிம்ப், கோட்டோவியம் வரைய இங்க்ஸ்கேப். சேலைக்கு பூ வரைந்து பழக விரும்பும் நம் ஊர்ப் பெண்களுக்கும் இவை உதவும். அசையும் படங்களுக்கு பிளெண்டர். இதன் கதை சீட்டுப் பணம் சேர்த்த கதை போன்றது. அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டபோது, 2002இல் உலகெங்கும் உள்ள பயனாளர்கள் ஏழே வாரத்தில் 1 லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து மூலநிரலை மீட்டு, எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள்.

கணினியே பழையதாக இருந்தால் என்ன செய்வது? விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவாக நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகள் பல வீடுகளில் உண்டு. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் லுபுண்டு, க்ஸுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸ் வகை ஒன்றை ஏற்றிப் பார்க்கலாம். கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

தமிழில் தட்டச்சு

தமிழ் இலக்கியம் படிக்கும் அக்காள்மாருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. தட்டச்சு நிலையத்தில் ஏதோ ஓர் எழுத்துருவில் அடித்துக் கொடுத்த கட்டுரை, கல்லூரிக் கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். முன்பு எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளுக்குத் தம் விருப்பப்படி எண் கொடுத்து வைத்திருந்ததே இதற்குக் காரணம். யூனிகோடு என்னும் ஒருங்குறி முறையில் ‘அ’ என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே எண். தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. எனவே ஒருங்குறியில் அடித்துத் தரும்படி கேட்பது நம் உரிமை.

நாமே அடிக்கப் பழகுவது இன்னும் சிக்கனம். 1999இல் வகுக்கப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. விண்டோஸின் புதிய பதிப்புகளிலும் லினக்ஸிலும் இது உள்ளேயே இருக்கிறது. தனியே வாங்க வேண்டியதில்லை. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அரசு நிறுவனம், ஒருங்குறி எழுத்துருக்களை விலையின்றி வழங்குகிறது.

மாணவர்க்கான சலுகைகள்

கட்டற்றவை எல்லாத் தேவைக்கும் ஈடாகும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. செய்முறைத் தேர்வு குறிப்பிட்ட ஒரு மென்பொருளில்தான் நடக்கும் என்றால் அதில் பழகியே ஆக வேண்டும். அதற்கும் நேர்வழி இருக்கிறது.

தகுதியுள்ள கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வேர்டு, எக்ஸெல் போன்றவற்றை இணையத்தில் பயன்படுத்தும் வடிவில் விலையின்றித் தருகிறது. இதற்குக் கல்லூரி கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி வேண்டும். ஆட்டோகேட் செய்யும் ஆட்டோடெஸ்க் நிறுவனமும், மாணவர் என்பதற்குச் சான்று காட்டுவோர்க்கு ஓராண்டு உரிமம் அளித்து, படிக்கும் காலம் வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது. எனவே கல்லூரியில் சேர்ந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “கல்லூரி மின்னஞ்சல் தருவீர்களா?” என்பதே.

இச்சலுகைகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இவை படிப்புக்கு மட்டுமே. இவற்றைக் கொண்டு வெளியாருக்குக் கூலிக்கு வேலை செய்யக் கூடாது. படிப்பு முடிந்ததும் உரிமமும் முடியும். அப்போது நம் பழைய கோப்புகளைத் திறக்கவே பணம் கட்ட வேண்டி வரலாம். ஆகவே முக்கியமானவற்றைப் பொதுவான வடிவங்களிலும் ஒரு படி சேமித்து வைப்பது அறிவுடைமை.

கள்ளப்படி வேண்டாம்

“கடையில் ஏற்றிக் கொடுக்கிறார்களே, எல்லோரும் செய்கிறார்களே” என்பார்கள். பூட்டுடைத்த மென்பொருளை ஏற்றும்போது முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்கிறார்கள். வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திருடனை அழைப்பதற்கு இது ஒப்பாகும். சட்டமும் சும்மா இராது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, கள்ளப்படி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக ஆதாயம் இல்லாத பயன்பாடு என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கலாம். அதுவும் நெசவாளர் குடும்பத்துக்குத் தாங்காத தொகையே.

சட்டத்தை விடவும் மனச்சாட்சி பெரிது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியிருந்தும் வேறெங்கோ விசைத்தறியில் நெய்ததைக் ‘காஞ்சிப் பட்டு’ என்று விற்கும்போது எங்கள் அப்பாமார் எவ்வளவு மனம் நோகிறார்கள் என்பதை நாங்கள் அறிவோம். பிறர் உழைப்பை உரிமையின்றி எடுப்பது தறியில் தவறென்றால் கணினியிலும் தவறே. விரும்பிக் கொடுப்பவர்கள் இத்தனை பேர் இருக்க, களவு எதற்கு?

நம் மாநிலத்தில்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதைப் பயன்படுத்தலாம். அதே காலத்தை ஒட்டி, சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டது. 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிற்பாடு வழங்கப்பட்டவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. கணினியை இயக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் பல வீடுகளில் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தவரே இல்லை. அதைச் சொல்லிக் கொடுப்பாரும் இல்லை. தறியோடு அட்டையும் வந்தது; அட்டைப் பெட்டியைப் பிரிக்கத்தான் ஆளில்லை!

அண்டை மாநிலமான கேரளம் இதில் நமக்கு முன்னோடி. அங்கே 2001இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம், ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி அளித்து, கட்டற்ற மென்பொருளையே வகுப்புக்குக் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வையும் பிள்ளைகள் அதிலேயே எழுதுகிறார்கள். கணினியைக் கொடுத்ததோடு நில்லாமல் கற்பித்ததே அவர்கள் வெற்றிக்குக் காரணம்.

2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசின் வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இன்னும் பல வீடுகளுக்குத் தறி வந்து சேரும். அதை நெய்ய வைப்பது நம் பொறுப்பு.

யாரிடம் கற்பது?

பணம் கட்டிப் பயிற்சி நிலையம் போக வேண்டியதில்லை. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிகாட்டலில், மத்திய அரசின் உதவியோடு ‘ஸ்போக்கன் டுடோரியல்’ என்னும் திட்டம் வளர்ந்தது. லிப்ரே ஆபீஸ், சைலேப், பைத்தான் முதலியவற்றை ஏறக்குறையப் பத்து நிமிடக் காணொளிகளாக அதில் கற்பிக்கிறார்கள். பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. ஒரு பக்கம் காணொளி, மறு பக்கம் மென்பொருள் எனத் திறந்து வைத்து, அவர்கள் செய்வதை அப்படியே செய்து பார்ப்பதே அவர்கள் சொல்லும் முறை. தாயார் தறியில் உட்கார்ந்து நெய்ய, மகள் பக்கத்தில் இருந்து கை அசைவைப் பார்த்துப் பழகுவதும் இதே முறைதானே!

அதே நிறுவனத்தின் ‘ஃபாசீ’ திட்டம், பாடநூல்களில் உள்ள கணக்குகளைச் சைலேப்பில் செய்து கொடுக்கும் மாணவர்களுக்கு மதிப்பூதியமும் வழங்கி வந்துள்ளது. கற்கும்போதே சிறிது சம்பாதிக்கவும் இதில் வழி பிறந்தது.

எங்கள் வேண்டுகோள்

கல்லூரி செல்லும் ஒவ்வொருவரும் மென்பொருள் வாங்கும் முன் வரிசையாக நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்பது எங்கள் முடிபு. ஆசிரியர் கேட்பது குறிப்பிட்ட மென்பொருளையா, அல்லது முடித்த கோப்பை மட்டுமா? கோப்பு மட்டும் போதுமெனில் அதற்குக் கட்டற்ற மென்பொருள் எது? அந்த மென்பொருளேதான் வேண்டுமெனில் மாணவர் உரிமம் உண்டா? அதுவும் இல்லையெனில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எந்த நேரம் இடம் கிடைக்கும்? இந்த நான்கையும் கேட்ட பிறகும் பணம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை மிகச் சிலருக்கே வரும்.

அருட்சகோதரிகளிடமும் கணினி ஆசிரியரிடமும் எங்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் செல்லும் அக்காள்மாருக்குப் பொதுத் தேர்வு முடிந்த பின் ஒரு வார காலம் நம் கணினி அறையைத் திறந்து வைத்தால், லிப்ரே ஆபீஸையும் தமிழ்99 தட்டச்சையும் அவர்கள் பழகிக்கொண்டு போவார்கள். அவரவர் பாடத்துக்கு உரிய மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தும் அனுப்பலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. இறக்கி வைக்கும் வேலையையும் பட்டியலிடும் வேலையையும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

பெற்றோர்களே! உங்கள் மகள் எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்பதை அவளுடைய ஆர்வமும் மதிப்பெண்ணும் தீர்மானிக்கட்டும். மென்பொருள் விலை தீர்மானிக்க வேண்டாம். உலகின் பல மூலைகளில் உள்ள மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் கட்டத்தாள்களை நமக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பயன்படுத்துவோம், நாளை நம் பங்குக்கு ஒரு நல்ல பூவை வரைந்து அதில் சேர்ப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், வகுப்பு மாணவி ஒருத்தி